முதலில் கால், பிறகு கை!

"அடிக்கக் கத்துக்கப் போறானாம் தம்பி, எம் புள்ள!"

சொன்னார், சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் முகம் வாடினார்.

துறைமுகத்திலே சரக்கு ஏற்றியும் இறக்கியும் தோள் காய்த்துப்போன தோழர் அவர். கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து கொடி கட்டுவார்; கூட்டம் கலைந்தால் கடைசி ஆளாக நின்று கயிறு அவிழ்ப்பார். மேடை ஏறியதில்லை, மாலை கேட்டதில்லை, தனக்கென்று ஒரு சிபாரிசு கேட்டு எவர் வீட்டுப் படியையும் மிதித்ததில்லை. அப்படிப்பட்டவர் அன்று படிப்பகத்து வாசலில் என்னை நிறுத்திவைத்துக் கேட்டார்: "பையன் குத்துச்சண்டைக்குப் போறேங்கிறான். வயசு 14. விடலாமா, கூடாதா? நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொல்வேன்! மேடையிலே கை ஓங்கிப் பேசத் தெரியுமே தவிர, கை ஓங்கி எவரையும் அடித்தறியாதவன். "விளையாட்டுத்தானே அண்ணே, உடம்புக்கு நல்லது" என்று, எவரும் எளிதாகச் சொல்லும் பதிலைச் சொல்லி நகரப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. "எங்க அண்ணனுக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார்.

அண்ணன், இருபது வயதில் பேட்டையே பேசிய குத்துச்சண்டை வீரராம். இடக்கை எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று எதிரிக்குத் தெரியாதாம். வென்ற கோப்பைகள் இரண்டு, இன்றும் வீட்டுப் பரணில் கறுத்துக் கிடக்கின்றன. ஒருநாள் ஒரு பெரிய மனிதர் வந்தார். "இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு மூட்டை தூக்குவதா?" என்று உருகினார். வேலை கொடுத்தார். என்ன வேலை? அவருக்குப் பின்னால் நிற்கிற வேலை! முதலில் நின்றார். பிறகு முறைத்தார். பிறகு மிரட்டினார். பிறகு அடித்தார். பிறகு சிறை! உள்ளே இருந்து வெளியே வந்து பார்த்தால், பெரிய மனிதருக்குப் பின்னால் வேறொரு இளைஞன் நிற்கிறான், வேறொரு நல்ல கையோடு!

"ரிங்குக்குள்ளே அவரு தோத்ததே இல்லை தம்பி. வெளியேதான் தோத்தாரு."

இதைக் கேட்ட பிறகு, "உடம்புக்கு நல்லது" என்று சொன்ன என் வாயை நானே நொந்துகொண்டேன். தெரியாததைத் தெரிந்துகொள்ளாமல் தந்தை ஒருவருக்கு அறிவுரை சொல்வது தகாது என்று, மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, பையன் சேர விரும்புகிற அந்தப் பயிற்சிக் கொட்டகையின் வாசலில் போய் நின்றேன்.

வடசென்னைக்குக் குத்துச்சண்டை புதிதன்று, தோழர்களே! வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தத் துறைமுக ஊருக்கு வந்த விளையாட்டு. ஆங்கிலோ இந்தியரும் ஆடினர். மீனவரும் மூட்டை தூக்குவோரும் ஆலைத் தொழிலாளரும் ஆடினர். சார்பட்டா பரம்பரை என்றும் இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றும் அணிகள் எழுந்தன. ஆட்டம் என்றால் பேட்டையே திரண்டது. 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' என்ற திரைப்படம் அந்தப் பழங்கதையைத் தமிழ்நாடு முழுமைக்கும் எடுத்துச் சென்றது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இங்கே பரம்பரை என்பது பிறப்பால் வருவதன்று, வாத்தியாரால் வருவது! எவர் உனக்கு நிற்கக் கற்றுக் கொடுத்தாரோ, அவர் பரம்பரை நீ. பிறப்பைப் பார்த்துப் பந்தி பிரித்த நாட்டிலே, எந்தக் கொட்டகையில் வியர்வை சிந்தினாய் என்று பார்த்துப் பரம்பரை சொன்ன மக்கள் இவர்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது.

கொட்டகை என்றேனே, பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தகரக் கூரை. கூரையில் மூன்று ஓட்டை. உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் கனத்த மூட்டை இரண்டு. அதிலே ஒன்று வயிறு கிழிந்து பழந்துணியைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் லாரி டயர். தரையிலே சுண்ணாம்புக் கோடு. பத்துப் பன்னிரண்டு பையன்கள். அவர்களோடு பெண்பிள்ளைகள் நால்வர். வாத்தியாருக்கு அறுபதுக்கு மேலிருக்கும். மூக்கு ஒருகாலத்தில் உடைந்து, ஒருபக்கமாகவே நிலைத்துவிட்ட முகம். குரல் மட்டும் உடையவே இல்லை!

நம் தோழர் மகனும் வந்து நின்றான், தந்தைக்குத் தெரியாமல். வாத்தியார் அவனிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பெயரில்லை, ஊரில்லை. "யாரை அடிக்கணும்?" என்று கேட்டார்.

பையன் திகைத்தான். பிறகு மெல்லச் சொன்னான். பேருந்து நிறுத்தத்தில் பெரிய பையன்கள் மூவர் அவனைப் பிடித்துத் தள்ளி, கைப்பேசியைப் பறித்துக்கொண்டார்களாம்.

வாத்தியார் சிரிக்கவும் இல்லை, சீறவும் இல்லை. "அதுக்குன்னா இன்னிக்கே போயிடு. கத்துக்கணும்னா நில்லு" என்றார்.

இந்தக் காட்சியைக் கண்டதும் என் நினைவு கடல் கடந்து ஓடிற்று. 1954ஆம் ஆண்டு, அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊர். கறுப்பினச் சிறுவன் ஒருவன், வயது 12, தன் புதுச் சைக்கிளைக் களவு கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறான். எடுத்தவனை அடித்து நொறுக்குவேன் என்று கத்துகிறான். ஜோ மார்ட்டின் என்ற காவலர், அருகிலே சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக் கொடுப்பவர், அந்தக் கூச்சலைக் கேட்கிறார். அடிப்பதற்கு முன்னால் சண்டையிடக் கற்றுக்கொள் என்று சொல்லித் தம் கூடத்துக்கு அழைக்கிறார். சைக்கிள் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆனால் 1960இல், ரோம் ஒலிம்பிக்கிலே அந்தச் சிறுவன் தங்கம் வென்றான். காசியஸ் கிளே அப்போது அவன் பெயர்; முகமது அலி என்பது பிறகு உலகம் அறிந்த பெயர். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று 1967இல் மறுத்து, பட்டத்தை இழந்தாலும் கொள்கையை இழவாத அந்த அலி, 1980இல் நம் சென்னைக்கே வந்து, நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடினார்.

திருடனைத் தேடிப் புறப்பட்டவனுக்குத் தக்க ஆசான் கிடைத்தார். அந்த ஊரில், அந்த நாளில், அந்தச் சிறுவன் கண்ணில் முதலில் பட்டவர் வேறு எவராகவாவது இருந்திருந்தால்? ஒரு பெரிய மனிதராக இருந்திருந்தால்?

கொட்டகைக்குத் திரும்புவோம். அடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். அடியே காணோம்! முதல் பாடம் நிற்பது. வலக்கைப் பழக்கக்காரன் என்றால் இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே. தோள் அகலத்துக்குக் கால் அகலம். பின்னங்குதிகால் தரையில் படாமல் சற்றே தூக்கி. முழங்கால் விறைக்கக்கூடாது. தாடை தாழ்ந்து நெஞ்சைப் பார்க்க, கண் மட்டும் நிமிர்ந்து எதிரியைப் பார்க்க வேண்டும். இரு கையும் தாடையைக் காக்க வேண்டும். முழங்கை விலாவைக் காக்க வேண்டும். பிறகு நடை. முன்னே போவதென்றால் முன்கால் முதலில். பின்னே போவதென்றால் பின்கால் முதலில். இடமென்றால் இடக்கால், வலமென்றால் வலக்கால். காலைக் காலோடு சேர்த்தால், குறுக்கே போட்டால், வாத்தியார் கையிலுள்ள பிரம்பு சுண்ணாம்புக் கோட்டில் 'பட்'டென்று விழும். பிள்ளை மேல் விழாது, தரையில்தான் விழும்.

"எத்தனை நாள் இது?" என்று கேட்டேன்.

"கால் வர்ற வரைக்கும்" என்றார். "சிலருக்கு ஒரு மாசம். சிலருக்கு மூணு மாசம். முக்காவாசிப் பேர் இதுலேயே ஓடிடுவாங்க. ஓடட்டும். அடிக்க மட்டும் வந்தவன் இங்கே எதுக்கு?"

குத்து கையிலிருந்து வருவதாகத்தான் நாமெல்லாம் எண்ணுகிறோம். வருவது பின்னங்காலிலிருந்து! பாதம் திரும்ப, இடுப்பு திரும்ப, தோள் திரும்ப, கடைசியில்தான் கை வந்து சேர்கிறது. கால் இல்லாதவன் கை வெறுங்கை. அதிலும் முதலில் கற்பிப்பது இடக்கையின் நேர்க்குத்து ஒன்றுதான். எட்டி அளக்க அது, தள்ளி நிறுத்த அது, மதிப்பெண் சேர்க்க அது. வெறும் காற்றில் ஆயிரம் தடவை குத்திய பிறகுதான் மூட்டை. மூட்டைக்கு வருமுன் கையில் துணி. மணிக்கட்டிலும் விரல் முட்டிகளிலும் சுற்றிச் சுற்றிக் கட்டுகிற நீளத்துணி அது. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குத்துபவன் தன் விரலையே உடைத்துக்கொள்வான். முட்டி தவறிச் சுண்டுவிரல் பக்கம் பட்டால், அங்கே இருக்கிற எலும்பு முறியும். சினிமாவிலே கதாநாயகன் வெறுங்கையால் இருபது பேரை வீழ்த்திவிட்டுப் பாட்டுப் பாடப் போகிறானே, உண்மையில் அவன் போகவேண்டிய இடம் எலும்பு மருத்துவமனை!

கையுறை மாட்டி எதிரெதிரே நிற்பது பல மாதங்களுக்குப் பிறகு. அப்போதும் பயிற்சிக்குக் கனத்த கையுறை, 14 அவுன்சு, 16 அவுன்சு. போட்டியிலே 10 அவுன்சு. எடை மிகுந்த ஆடவர்க்கு 12. பல்லைக் காக்க ரப்பர்க் கவசம், தொடையிடுக்குக் காப்பு, தலைக்கவசம். இவை இல்லாமல் பிள்ளைகளை மோதவிடுகிற இடம் எதுவானாலும், அங்கே ஒருகணமும் நிற்காமல் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள்.

போட்டி என்று வந்தால், வயது பார்த்துத்தான் இணை. 13, 14 வயதினர் ஒரு பிரிவு. 15, 16 ஒரு பிரிவு. 17, 18 ஒரு பிரிவு. 19 முதல் 40 வரை பெரியவர். அதற்குள்ளே எடைப் பிரிவு. பெரியவர்க்கு மூன்று நிமிடச் சுற்று மூன்று, இடையே ஒரு நிமிட ஓய்வு. சிறுவர்க்குச் சுற்று இன்னும் குறுகியது. மேடையைச் சுற்றி அமர்ந்து மதிப்பெண் போடுவோர் ஐவர். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவனுக்கு 10, மற்றவனுக்கு 9 அல்லது அதற்கும் கீழே. பிடரியில் அடிக்கக்கூடாது, இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது, விழுந்தவனை அடிக்கக்கூடாது. நடுவர் 'நிறுத்து' என்றால் ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க வேண்டும். தெருச் சண்டையிலே எவன் நிறுத்தச் சொல்கிறான், எவன் நிறுத்துகிறான்!

மாவட்டம், மாநிலம், நாடு என்று படி ஏறுகிறது பாதை. பிறந்த நாள் சான்று வேண்டும், மருத்துவர் சான்று வேண்டும். வயதைக் குறைத்துச் சான்று வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால், அவன் உங்கள் பிள்ளைக்கு உதவி செய்ய வரவில்லை; 16 வயதுக்காரன் முட்டிக்கு 14 வயதுக்காரன் தாடையைக் கொடுக்க வந்திருக்கிறான்.

இனி, அந்தத் தந்தை கேட்காமலே கேட்ட கேள்வி. ஆபத்து உண்டா?

உண்டு. மறைத்துப் பேசுவது நம் வழக்கமில்லை. தலையில் தொடர்ந்து அடிபட்ட குத்துச்சண்டைக்காரர்கள், குடிக்காமலே குடித்தவர் போல் தள்ளாடுவதையும் குழறுவதையும் 1928லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்தார். அலியே 1984இல் நடுக்குவாத நோய்க்கு ஆளானார் என்று மருத்துவர் அறிவிக்கக் கேட்டோம். தலைக்கவசம் காக்குமே என்பீர்கள். தோல் கிழிவதைக் காக்கும், வீக்கத்தைக் குறைக்கும். மண்டைக்குள்ளே மூளை குலுங்குவதை அது தடுத்துவிடாது. 1984 முதல் ஒலிம்பிக்கிலே அணிந்துவந்த தலைக்கவசத்தை, 2016இல் ஆடவர் பெரியோர் போட்டியில் கழற்றியே விட்டார்கள். அது சரியா என்ற வாதம் ஓயவில்லை.

அதனால்தான் விதி சொல்கிறது: தலையில் அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டவன் குறைந்தது 30 நாள் மேடை ஏறக்கூடாது, பயிற்சியில்கூட எவரோடும் மோதக்கூடாது, உணர்விழந்து விழுந்தவனுக்கு அதைவிட நீண்ட காலம். விதி ஏட்டிலே இருக்கிறது. கொட்டகையிலே இருக்கிறதா? அதை விசாரியுங்கள்! "அடி வாங்கினாத்தாண்டா ஆம்பளை" என்று மறுநாளே மேடை ஏற்றுகிற வாத்தியார் வாத்தியாரல்லர். தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று பிள்ளை சொன்னால், அவனைத் தூங்கவைக்காதீர். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எடைக் கூத்து இன்னொன்று. குறைந்த எடைப் பிரிவில் ஆடினால் எளிதில் வெல்லலாம் என்று, இரண்டு நாள் சோறில்லாமல், தண்ணீரில்லாமல், வெயிலில் பிளாஸ்டிக் உடை போட்டு ஓடவிட்டுப் பிள்ளையைப் பிழிந்தெடுப்பவர்கள் உண்டு. வறண்டு போன உடம்போடு அடி வாங்குகிறவன் இரட்டை ஆபத்தில் நிற்கிறான். வளர்கிற பிள்ளையை வளரவிடுங்கள். எடை ஏறினால் அடுத்த பிரிவிலே ஆடட்டுமே, என்ன குடி முழுகிப் போகிறது?

கொட்டகையிலிருந்த அந்த நான்கு பெண்பிள்ளைகளை மறந்துவிடவில்லை. அவர்களில் மூவர் முதலில் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்களாம். மணிப்பூரிலே கூலி உழவர் மகளாகப் பிறந்த மேரி கோம் கதையும் அதுதான். 2000ஆம் ஆண்டு மாநிலப் போட்டியில் வென்று, நாளேட்டிலே படம் வந்த பிறகுதான் மகள் என்ன கற்கிறாள் என்று தந்தைக்கே தெரிந்தது. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஏறிய 2012இல், லண்டனில் வெண்கலம் வென்றவர் அவர். பிள்ளைகள் ஒளித்துச் செய்கிறார்கள் என்றால், வீட்டிலே நாம் சொல்லவிடவில்லை என்று பொருள்.

தோழர்களே, இதுவரை தந்தையர்க்குச் சொன்னேன். இனிச் சொல்வது நமக்கு. சற்றுக் கசக்கும்.

நம் தோழரின் அண்ணனைக் கெடுத்த அந்தப் பெரிய மனிதர் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என்ன? எல்லா நிறக் கொடிக்கும் கீழே அந்தப் பெரிய மனிதரைப் பார்த்திருக்கிறேன். என்னையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கூட்டத்தில் கல் விழும் என்று செய்தி வந்தது. "நல்ல உடம்புக்காரப் பையன்கள் நாலு பேரைக் கூப்பிடுங்கள், மேடைக்குப் பக்கத்தில் நிற்கட்டும்" என்றவன் நான். பையன்கள் வந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள்? இப்படி ஒரு கொட்டகையிலிருந்துதான்! கல் விழவில்லை. நான் ஒரு மணி நேரம் பேசினேன், உழைப்பவன் உரிமையைப் பற்றி. பேசி முடித்ததும் அவர்களுக்குப் பிரியாணியும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தனுப்பினோம். அந்த நால்வரில் ஒருவனுக்கு மறுவாரம் மாவட்டப் போட்டி என்று பிறகு கேள்விப்பட்டேன். போனானா, வென்றானா? நான் விசாரித்ததே இல்லை.

பின்னங்காலிலிருந்து கை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வாத்தியார் இரண்டு ஆண்டு பாடுபடுகிறார். நாம் ஒரு தட்டுப் பிரியாணியில் அதை விலைக்கு வாங்குகிறோம். கூட்டத்துக்குக் காவல் வேண்டுமா? காவல் நிலையத்தில் மனுக் கொடுங்கள். தொண்டர்கள் கைகோத்து நில்லுங்கள், நானும் நிற்கிறேன். கொட்டகைக்கு மட்டும் ஆள் அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளையின் கைக்கு வேறு வேலை இருக்கிறது.

மறுநாள் தோழரிடம் கண்டதையெல்லாம் சொன்னேன். கல் விழாத அந்தக் கூட்டத்தின் கதையையும் சேர்த்தே சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த வாத்தியாரு யாரு பின்னாலயாவது நிக்கிறவரா?" என்று கேட்டார்.

"விசாரித்தேன் அண்ணே. கொட்டகை வாடகைக்கே தவிக்கிறவர். எவர் பின்னாலும் நிற்பவரென்றால் கூரையாவது ஒழுகாமல் இருந்திருக்கும்."

அடுத்த வாரம் இருவரும் போனோம். பையன் கோட்டின் மீது முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி என்று போய்வந்துகொண்டிருந்தான். தந்தையைக் கண்டதும் கால் பின்னிற்று. பிரம்பு தரையில் விழுந்தது. தோழர் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் குத்தவே விடலியே?" என்றார் என் காதருகே, ஏதோ கடையில் அளவு குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதைப் போல!

புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று ஓட்டையும் மூன்று குழாயாயின. தோழர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். மாலையில் நம் கூட்டச் சாமான் அறையிலிருந்து தார்ப்பாய் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய், தாமே ஏறிக் கட்டிவிட்டு வந்தார். அடுத்த கூட்டத்துப் பந்தலுக்கு இரண்டு பாய் குறையும். கணக்குக் கேட்கிறவர்கள் அவரைக் கேட்க வேண்டாம், என்னைக் கேளுங்கள்.